பூங்கனியின் தேனும் ஒரு துளி வெள்ளமும்

“இது பொய் சொல்லாது அண்ணே.”

தான் செய்த மெஷினைப் பற்றி ரேஷ்மி ஊரறியச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். சனிக்கிழமை காலையில் சொன்னாள். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அதை எப்படியாவது திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று தவித்தாள். வாயை விட்டுப் போன சொல்லைத் திருப்பி வாங்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது தேனீ வளர்ப்போர் சங்கச் செயலாளர் கிருஷ்ணமணியின் காதில் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

புதுக்கடை ஜங்ஷனில் ஞானசிங்கின் சிப்ஸ் கடைக்கு மேலே, ஒரே அறையில் நடக்கிறது ரேஷ்மியின் கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டே பேர். எம்.டெக். முடித்து, பெங்களூரில் ஆறு வருஷம் யாரோ செய்த மெஷின்களைப் பழுது பார்த்து, போதும் சாமி என்று திரும்பி வந்த ரேஷ்மி. அவளோடு காலேஜில் படித்த ஜெபிஷ். மெஷினுக்கு உள்ளே இருப்பதெல்லாம் அவள் பொறுப்பு. வெளியே இருக்கும் பெட்டி, கம்பி, திரை, வந்தவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவது எல்லாம் அவன் பொறுப்பு. வாடகை குறைவு, ஜன்னலில் நல்ல காற்று, காலை பத்து மணியிலிருந்து கீழே அகன்ற உருளியில் நேந்திரன் வாழைக்காய் வறுபடும் வாசனை. இதைவிட நல்ல ஆபீஸ் பெங்களூரில் கூடக் கிடையாது என்று ரேஷ்மி பெருமைப்பட்டுக்கொள்வாள்.

மெஷினின் உயிர் ஒரு சின்னத் தகட்டில் இருந்தது. பெருவிரல் நகம் அகலத்தில், காகிதம் போல் மெல்லிய குவார்ட்ஸ் படிகம். இரண்டு பக்கமும் தங்கப் பூச்சு. கரண்ட் கொடுத்தால் அது பக்கவாட்டில் நடுங்கும், நொடிக்கு ஐம்பது லட்சம் தடவை. கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. மேலே ஏதாவது திரவத்தை விட்டால் அந்தத் திரவம் தகட்டைப் பிடித்து இழுக்கும், நடுக்கம் குறையும். கெட்டியான திரவம் கூடுதலாகப் பிடிக்கும், நீர்த்தது குறைவாகப் பிடிக்கும். ஒரு கரண்டித் தேனை அளவு தவறாமல் சுத்த நீரில் கரைத்துத் தகட்டின் மேல் விட்டு, நடுக்கம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், அந்தத் தேனில் நூற்றுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று இரண்டு நிமிஷத்தில் திரையில் வந்துவிடும்.

சங்கத்துக்கு இது பெரிய காரியம். ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்து எடுக்கும் தேன் இயல்பிலேயே கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். வாங்க வருகிறவன் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “வெள்ளம் சேத்திருக்கு” என்று முகத்தைச் சுளிப்பான். இந்தப் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வெளியூர் லேபுக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் சீசனே முடிந்துவிடும். ஆகவே ரேஷ்மி மெஷினைப் பற்றிச் சொன்னதும் கிருஷ்ணமணி ஏழு பேரின் தேனை ஏழு பாட்டிலில் அனுப்ப ஏற்பாடு செய்து, “பாத்து சொல்லு பிள்ள, நல்லாருந்தா சங்கத்துக்கு ஒண்ணு எடுப்போம்” என்றார். இருபத்திரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் இருந்தால் சங்கம் அந்தத் தேனை எடுக்காது. அது அவர்கள் வரம்பு.

ஆறு பாட்டில் காலையிலேயே வந்தது. ஆறும் பத்தொன்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் நின்றன. ரேஷ்மிக்குக் கால் தரையில் படவில்லை. ஏழாவது பாட்டில் குலசேகரம் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாக மாறி வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. பூங்கனி என்று ஒட்டியிருந்தது. அதைப் போட்டதும் திரையில் இருபத்தேழு.

இரண்டாவது தடவை பார்த்திருக்கலாம். மூன்றாவது தடவையும் பார்த்திருக்கலாம். பெங்களூரில் ஆறு வருஷம் அடுத்தவருக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் தன் பிள்ளை முதல் வகுப்பில் முதல் மார்க் வாங்கியதும் விடைத்தாளைத் திருப்பிப் பார்க்கிற தாய் எங்கே இருக்கிறாள்? மெஷின் ஒரு கள்ளத் தேனைக் கண்டுபிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஏழு எண்களையும் கிருஷ்ணமணிக்கு உடனே அனுப்பினாள். அவர் அதைவிட அவசரக்காரர். சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவாகவே போட்டுவிட்டார்: “தேன் எடுத்தவன் பொறங்கைய நக்காம இருப்பானா, அது செரி. வெள்ளம் சேக்கது அப்பிடியில்ல பாத்துக்கிடுங்க. மெசினு பூங்கனிக்க தேன்ல கண்டு பிடிச்சாச்சி. புதன்கெழம கமிட்டி கூடும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெபிஷ் சர்ச்சுக்குப் போய்விட்டான், கீழே ஞானசிங்கும் கடையைப் பூட்டிவிட்டுப் பாடகர் குழுவில் நிற்கப் போய்விட்டார். ரேஷ்மியின் வீட்டார் ஐயாவழி சமயத்தார். அம்மா வழிபாட்டுக்கு நிழல் தாங்கலுக்குக் கிளம்பினாள், மகள் வழக்கம்போல ஆபீசுக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமைதான் ஜங்ஷன் அமைதியாக இருக்கும், கரண்டும் ஒழுங்காக வரும். நாலு மாதமாக மெஷினுக்கு அளவு கற்றுக்கொடுக்கும் வேலையை எல்லாம் அவள் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே செய்திருந்தாள்.

அன்று வந்தது வேறு காரியத்துக்கு. நல்ல தேன் எப்படி, கள்ளத் தேன் எப்படி என்று அருகருகே காட்ட ஒரு அழகான வரைபடம் வேண்டும். புதன்கிழமை கமிட்டியில் காட்டலாம். பூங்கனியின் பாட்டிலில் மீதியிருந்த தேனை எடுத்துக் கரைத்து, தகட்டில் விட்டாள்.

இருபது.

வேறு தகட்டில் விட்டாள். இருபது. மூன்றாவதில் இருபது புள்ளி மூன்று. ரேஷ்மி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணை அவள் பார்த்தது கூடக் கிடையாது. பெயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரைத்தான் குரூப்பில் நூற்றிருபது பேர் கேட்கும்படி நாசமாக்கி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பெயருக்கு உரியவள் படியேறி வந்து நின்றாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், கையில் ஒரு துணிப்பை.

“ரேஷ்மிங்கது நீதானா?”

“ஆமாக்கா. நீங்க?”

“வெள்ளம் சேத்த தேன்காரி.”

ஜெபிஷ் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். அவள் உட்காரவில்லை.

“நான் சண்ட போட வரல்ல. எனக்க தேன்ல வெள்ளம் உண்டுன்னு ஒனக்க மெசினு சொல்லிச்சாம். அது எனக்க மொகத்தப் பாத்து ஒருக்கா சொல்லட்டும். கேட்டுட்டுப் போறேன்.” பையிலிருந்து அதே தேனில் இன்னொரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். “காலைல தோட்டக்காரரு ஷைஜு போன் போட்டாரு. பெட்டிய எடுத்துக்கிடுங்க, எனக்க தோட்டத்துக்குப் பேருகேடு வேண்டாம்னு சொல்லியாச்சி. இருவத்தஞ்சு பெட்டி. ரப்பரு துளிர்த்து தேன் வடியுத நேரம். அதையெல்லாம் எங்க கொண்டு வைக்க? தலையிலயா?”

ரேஷ்மி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். “அக்கா, நேத்து நான் ஒங்க தேன மறுபடியும் பாத்தேன். மூணு தடவ. நல்ல தேனுன்னுதான் காட்டிச்சு. சனிக்கெழம எங்கயோ தப்பு நடந்திருக்கு. இப்ப ஒங்க முன்னாலயே பாக்கேன்.”

கையை மூன்று தடவை கழுவினாள். தேனை நிறுத்தாள், நீரை அளந்தாள், ஜன்னலோரம் காய வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு தகட்டை இடுக்கியால் எடுத்துப் பொருத்தினாள். பூங்கனி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண் ஓடி ஓடி வந்து நின்றது.

இருபத்தாறு.

பூங்கனிதான் முதலில் பேசினாள்.

“நேத்து நல்ல தேன், இன்னைக்கு கள்ளத் தேனா? ஞாயித்துக்கெழம மட்டும் யோக்கியமா இருக்கது மனுசங்க பண்ணுத காரியம். தேனும் அப்பிடித்தானா?”

ஜெபிஷ் இருமினான். ரேஷ்மி மெஷினைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதை தன் மெஷினுக்குத்தான் பொருந்தும் என்று அவளுக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் கோணல் எங்கே? சூடு சரியாக இருந்தது. கரண்ட் சரியாக இருந்தது. தராசு சரி, கம்பி சரி. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே கை, ஒரே தேன். ஜெபிஷ் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டினான். நாலு மாத அளவுகளும் நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் நின்றன. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எடுத்தவை.

வேலை நீண்டுகொண்டே போனதால் பூங்கனி ஜன்னல் பக்கம் போனாள். கீழே சிப்ஸ் வறுக்கும் சத்தம் கேட்டது. கம்பியில் கையை வைத்தவள் உடனே எடுத்து, விரலை மோந்து பார்த்து, சேலை முந்தியில் துடைத்தாள்.

“ஏட்டி, இந்தக் கம்பிய என்னைக்கு தொடச்ச? அடுக்களைல அடுப்புக்கு மேல உள்ள ஜன்னல் மாதிரி கெடக்கு. எண்ணப் பிசுக்கு ஒட்டுது.”

ரேஷ்மி திரும்பினாள். கம்பியைப் பார்த்தாள். கம்பிக்கு ஒரு சாண் தள்ளி, நல்ல காற்றில் காயட்டும் என்று தானே ஆசையாக வைத்த தகட்டுத் தட்டைப் பார்த்தாள். ஆறு குழி உள்ள தட்டு. மீதி இருந்த ஐந்து தங்கத் தகடும் வெயிலில் மினுமினுத்தன. கீழேயிருந்து உருளியின் ஆவி சுகமாக மேலே வந்துகொண்டிருந்தது.

“ஜெபிஷே, சொட்டு மருந்துக் குழாய எடு.”

தகடு ஒன்றின் மேல் சுத்த நீர் ஒரு துளி விட்டாள். சேம்பு இலையில் நிற்பது போல அது உருண்டு நின்றது. தட்டை லேசாகச் சாய்த்தால் ஓடவும் செய்தது. பிறகு மூடி போட்ட டப்பாவிலிருந்து, நேற்று கழுவிக் காயவைத்து மீந்த தகடு ஒன்றை எடுத்து அதன் மேலும் ஒரு துளி விட்டாள். அது விட்ட இடத்திலேயே பரந்து, தகடு முழுவதும் விரிந்து படுத்துக்கொண்டது.

ரேஷ்மி சிரித்துவிட்டாள். ஒரு கணம்தான். பூங்கனியின் முகத்தைப் பார்த்ததும் சிரித்ததற்காக வெட்கப்பட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அவளுடைய எம்.டெக். ஆய்வேட்டில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. தங்கப் பூச்சு பார்வைக்குத்தான் வழவழப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் குண்டும் குழியுமாக இருக்கும். சுத்தமான தகட்டில் திரவம் அந்தக் குழிகளுக்குள் எல்லாம் இறங்கி முழுசாகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் படிந்த தகட்டில் இறங்காது. குழிகளில் காற்று சிக்கிக்கொள்ள, திரவம் மேலோட்டமாக நிற்கும். பிடி குறைந்ததும் தகடு துள்ளலாக நடுங்கும். திரவம் நீர்த்திருக்கிறது, அதனால்தான் பிடிக்கவில்லை என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். நாற்பது பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கி, மூடி வைத்தாயிற்று. தேங்காயெண்ணெய் ஆவிக்கு நடுவில் நாலு மாதம் உட்கார்ந்து, ஆகா என்ன வாசனை என்று மூக்கை உறிஞ்சியவளுக்கு அந்த நாற்பது பக்கத்தில் ஒரு வரி கூட ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை நடந்தது இப்போது தெளிவாகிவிட்டது. முதல் ஆறு தகடுகளும் ஞானசிங் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே காய்ந்தவை. ஏழாவது பாட்டில் வரத் தாமதமானதால் பத்து மணிக்குத் தகடுகளை மறுபடி கழுவி ஜன்னலில் வைத்தாள். பஸ் தாமதமானது ஒன்றுதான் பூங்கனி செய்த குற்றம்.

எண்ணெய் பிடித்த தகட்டை நன்றாகக் கழுவி, மூடிய டப்பாவுக்குள் காயவைத்து, அதே தேனை விட்டாள். இருபது. மூன்று பேரும் பார்த்தார்கள்.

பூங்கனி துள்ளிக் குதிக்கவில்லை. தன் தேன் நல்ல தேன் என்பது அவளுக்குப் புதுச் செய்தி அல்ல. பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தாள்.

“கொள்ளாம், நல்லதுதான். எனக்கிட்ட சொல்லியாச்சி. குரூப்புல கேட்ட நூத்தியிருவது பேருட்ட யாரு சொல்லுவா?”

“நான் சொல்லுதேன்க்கா. கமிட்டில எல்லாரும் இருக்கும்போ சொல்லுதேன்.”

“பாப்போம்,” என்றாள் பூங்கனி. அந்த ஒரு சொல்லில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை.

அவள் படியிறங்கிப் போனதும் ஜெபிஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் கெட்டவன் அல்ல. காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று நினைக்கிறவன்.

“ரேஷ்மி, மெசினு தப்புன்னு சொன்னா சங்கம் எடுக்காது. அதோட நம்ம கத முடிஞ்சிது. பாட்டில்ல ஈரம் இருந்திருக்கு, மறுபடி பாத்தோம், நல்ல தேனுன்னு சொல்லிருவோம். அந்த அக்காக்கும் பேரு திரும்பிரும், நமக்கும் சேதமில்ல.”

“பாட்டில கழுவுனது யாரு?”

“அவங்கதான்.”

“அப்பம் தப்பு அவங்களுக்கதுதானே? காய வைக்கத் தெரியாம குடுத்தாளாம்னு பேசுவாங்க. பேசுவாங்களா, இல்லியா?”

ஜெபிஷ் மூக்கைத் தேய்த்தான். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்று அவனுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, “செரி, தட்டுக்கு ஒரு மூடி செய்யுதேன்” என்று எழுந்து போனான். அந்த நேரத்தில் ரேஷ்மிக்கு அவன்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

புதன்கிழமை நாலு மணிக்குச் சங்கத்துக் கட்டடத்தில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். கமிட்டி என்றால் ஒன்பது பேர்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். தோட்டக்காரர் ஷைஜு கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூங்கனி ஓரமாகத் தூணில் சாய்ந்து நின்றாள். ரேஷ்மி கொண்டுவந்த மெஷினும் கழுவிய தகடுகள் இருந்த தட்டும் முன்னால் மேஜையில் இருந்தன. கிருஷ்ணமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, “மெசினு செஞ்ச பிள்ள வந்திருக்கா. அவளே சொல்லட்டும்” என்று உட்கார்ந்தார்.

ரேஷ்மி எழுந்து நின்றாள். சுற்றி வளைத்தால் ஓடிப் போய்விடுவோம் என்று தோன்றியதால் நேராகவே ஆரம்பித்தாள்.

“பூங்கனியக்காக்க தேன்ல வெள்ளம் கெடையாது. நல்ல தேன். தப்பு எனக்க மெசினுக்கது. சொல்லப் போனா மெசினுக்கதும் இல்ல, எனக்கது. ஒரு தடவ மட்டும் பாத்துட்டு அனுப்பிட்டேன்.”

சலசலப்பு எழுந்தது. “பின்ன பொய் சொல்லாதுன்னு சொன்ன?” என்று கிருஷ்ணமணி கேட்டார்.

“சொன்னேன் அண்ணே. அதுவும் தப்பு.” அவள் ஒரு தகட்டை எடுத்துக் காட்டினாள். “நீங்க சக்க வெட்டும்போ கையில எதுக்கு எண்ண தேய்க்கியோ?”

“பச ஒட்டாம இருக்கதுக்கு,” என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

“அதே காரியந்தான். இந்தத் தகட்டுல தேன்வெள்ளம் நல்லா ஒட்டிப் பிடிச்சாத்தான் மெசினு சரியா சொல்லும். எனக்க ஆபீசுக்குக் கீழ எண்ண காயுது. அந்த ஆவி பட்டு இதுல எண்ண பிடிச்சாச்சி. தேன் ஒட்டல்ல. ஒட்டாத தேன் நீத்த தேனுன்னு மெசினு முடிவு பண்ணிட்டு.”

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பலாச்சக்கை வெட்டாத கை அந்தக் கூட்டத்தில் ஒன்று கூட இல்லை. தகட்டைப் பார்க்க ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். அது முன்வரிசையில் புறப்பட்டு, பின்வரிசை வரைக்கும் போய், எல்லோர் விரலிலும் தங்கி, ஊர்வலம் முடிந்து திரும்பி வந்தது.

“செரி மக்கா, நீ உண்மையச் சொல்லிட்ட,” என்றார் கிருஷ்ணமணி. “ஆனா நாளைக்கு இன்னொருத்தருக்க பேரு போவாதுன்னு என்ன நிச்சயம்? எண்ண இருக்கா இல்லியான்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? நாங்க என்ன எஞ்சினியரா?”

“அதுக்கு எஞ்சினியரு வேண்டாம் அண்ணே. கண்ணு போதும்.”

மேஜையில் இரண்டு தகடுகளை வைத்தாள். ஒன்றில் வேண்டுமென்றே எண்ணெய் விரலை வைத்துத் தேய்த்தாள். இரண்டிலும் ஒவ்வொரு துளி விட்டாள். ஒன்று உருண்டு நின்றது, மற்றது விரிந்தது. அறுபது பேரும் வரிசையாக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். துளி விரிந்தால் தேனை வைக்கலாம், உருண்டால் கழுவ வேண்டும். மெஷின் சரியாக இருக்கிறதா என்று மெஷினைக் கேட்க வேண்டாம். முதலில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

“அப்பம் ஒவ்வொரு தடவையும் துளி விட்டுப் பாக்க ஒரு ஆளு வேணும்,” என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். “யாரு நிப்பா?”

“நான் நிக்கேன்,” என்றாள் பூங்கனி. தூணை விட்டு முன்னால் வந்தாள். “எனக்க கண்ணுல படாம இனி ஒருத்தருக்க தேனும் அந்த மெசினுக்குள்ள போவாது. ஒருத்தருக்க பேரும் குரூப்புல வராது.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை என்று சொல்வதுதான் சரி. அப்படியானால் இப்போதே ஒரு தேனைப் பார்த்துவிடலாம் என்று குரல்கள் எழுந்தன. கிருஷ்ணமணி செயலாளர் அல்லவா? முதலில் தன் தேனையே வைக்கட்டும் என்று பெருந்தன்மையாக, அலமாரியிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் கொண்டுவந்து நின்றார்.

ரேஷ்மி மெஷின் பக்கம் திரும்பி லேப்டாப்பில் கம்பியைச் செருகினாள். பூங்கனி தட்டிலிருந்து இடுக்கியால் ஒரு தகட்டை எடுத்து வைத்து, துளி விட்டாள்.

“வைக்கலாமா?” என்று கிருஷ்ணமணி கேட்டார்.

பதில் வரவில்லை. அந்த மௌனம் நீண்டதால்தான் ரேஷ்மி திரும்பிப் பார்த்தாள். தகட்டின் மேல் துளி உருண்டு நின்றது. அறுபது பேர் தொட்ட தகடு அது. கூட்டம் திரும்பக் கொடுத்ததும் ஞாபகமில்லாமல் அதைக் கழுவிய தகடுகளோடு சேர்த்து வைத்தவள் ரேஷ்மியேதான்.

பூங்கனி குனிந்தபடி அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையைச் சுற்றி நின்றவர்களின் கண்களெல்லாம் திரையில் இருந்தன. துளியைப் பார்த்தது அவள் ஒருத்திதான், இப்போது ரேஷ்மியும். வைக்கலாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டு நிமிஷத்தில் அறுபது பேருக்கு முன்னால் கிருஷ்ணமணியின் தேனில் இருபத்தாறு பங்கு வெள்ளம் என்று மெஷின் சொல்லும். நாலு நாள் பூங்கனி சுமந்ததை அவர் ஒரு நாளாவது சுமப்பார். அது அவளுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? அவளும் மனுஷிதானே. ரேஷ்மி பேச வாயைத் திறந்தாள். அதற்குள் பூங்கனி நிமிர்ந்துவிட்டாள்.

“செத்த பொறுங்க அண்ணே. துளி உருண்டு நிக்கி. இதுல வச்சா ஒங்க தேனும் வெள்ளத் தேனாயிரும்.” தகட்டை எடுத்துத் தனியாக வைத்தாள். “கழுவுன தகடு ஒண்ணு எடு ஏட்டி. இத எதுக்கு கழுவுனதுக்க கூட வச்ச?”

ரேஷ்மிக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கிருஷ்ணமணிக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் பாட்டிலை மேஜையில் வைத்தார். வைத்த கை கொஞ்ச நேரம் பாட்டிலை விட்டு வரவில்லை.

“பூங்கனி,” என்றார். அவருடைய வழக்கமான குரல் இல்லை அது. “அன்னைக்கு நான் ஒரு வார்த்த ஒன்னக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். கேக்காம…”

“அத இஞ்ச சொல்லாதீங்க அண்ணே,” என்றாள் அவள், அடுத்த தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அன்னைக்கு சொன்ன எடத்துலயே சொல்லுங்க. அதே குரலுல.”

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஜன்னல் பக்கம் போனார். என்ன சொன்னார் என்று ரேஷ்மிக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின. பின்வரிசையில் ஷைஜு தன் போனைக் காதில் வைத்துக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, பூங்கனிக்குப் பக்கத்தில் நின்றார்.

“பெட்டி அங்கயே இருக்கட்டும்,” என்றார்.

பூங்கனி தலையை மட்டும் ஆட்டினாள். புதுத் தகட்டில் விட்ட துளி விரிந்து படுத்திருந்தது.

“வைக்கலாம்,” என்றாள்.